30 நாள் ட்ராஷ், 72 மாதக் கணக்கு: கிளவுடில் அழிந்த ஃபைலை ஸ்கிரிப்ட் மீட்டுத் தருமா?

கூகுள் டிரைவில் ஒரு ஃபைலை அழித்தால், அது ட்ராஷில் 30 நாள் இருக்கும். அதற்கப்புறம் தானாகவே போய்விடும். ஜி.எஸ்.டி. சட்டமோ வேறு கணக்குச் சொல்கிறது. பதிவு பெற்ற வியாபாரி ஒருவர், ஓர் ஆண்டின் கணக்கு வழக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2023-24 நிதியாண்டுக் கணக்கு என்றால், 2030 டிசம்பர் 31 வரை கையில் இருக்க வேண்டும்.

ஒரு பக்கம் 30 நாள், இன்னொரு பக்கம் ஆறு வருஷம். சேலம், நாமக்கல் வட்டாரத்து சிறு தொழில்கள் பலவும் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. நாமக்கல், சங்ககிரி லாரி ஆபீஸ்கள், திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர்கள், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடங்கள், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் என்று எங்கே போனாலும் பில் புத்தகம், டிரிப் ஷீட், வண்டிப் பேப்பர் எல்லாம் மெல்ல மெல்ல போனுக்கும் கிளவுடுக்கும் போய்விட்டன. "எல்லாம் டிரைவ்ல இருக்குதுங்க" என்பதுதான் இன்றைக்கு ஆடிட்டர்கள் அடிக்கடி கேட்கும் பதில்.

அந்த டிரைவில் ஃபோல்டரே காணோம் என்றால்? பதறிப்போய் தேடும்போது கிடைக்கும் பதில்களில் ஒன்று, "கமாண்ட் லைன் ஸ்கிரிப்ட் போட்டால் மீட்கலாம்" என்பது. அது உண்மையா? ஓரளவுக்கு உண்மை. எந்த அளவுக்கு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால், மிச்சம் இருப்பதும் போகும்.

சட்டம் என்ன கேட்கிறது?

மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 35-வது பிரிவு லாரித் தொழிலுக்கு நேரடியாகப் பொருந்தும். சரக்குப் போக்குவரத்துச் செய்பவர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும், யார் அனுப்பினார், யாருக்குப் போனது, என்ன சரக்கு என்ற விவரங்களைப் பராமரிக்க வேண்டும். 72 மாதக் கணக்கு, பதிவு பெற்றவர்களுக்கான 36-வது பிரிவில் வருகிறது. மேல்முறையீடு ஏதாவது நடந்துகொண்டிருந்தால் காலம் இன்னும் நீளும்.

இதைவிட முக்கியமானது, பலருக்கும் தெரியாத 57-வது விதி. கணக்கை மின்னணு முறையில் வைத்திருந்தால் அதற்கு முறையான பேக்கப் இருக்க வேண்டும். விபத்திலோ இயற்கைக் காரணத்திலோ அழிந்தால், நியாயமான காலத்துக்குள் திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதாவது, "கம்ப்யூட்டர்ல இருந்தது சார், போயிருச்சு" என்ற பதில் அதிகாரி முன்னால் எடுபடாது. மீட்கும் வழியையும் சேர்த்துத்தான் சட்டம் கேட்கிறது.

அழிக்கும்போது என்ன நடக்கிறது?

டிலீட் பட்டனைத் தட்டிய உடனே ஃபைல் அழிவதில்லை. அந்த ஃபைலின் மேல் 'ட்ராஷ்' என்று ஓர் அடையாளம் விழுகிறது, அவ்வளவுதான். வழக்கமான பட்டியலில் அது தெரியாது. அந்த அடையாளத்தை நீக்கினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கெடு முடிந்தபின் அல்லது ட்ராஷைக் காலி செய்தபின்தான் நிஜமான அழிப்பு.

கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கூகுள் டிரைவில் 30 நாள். 2020 அக்டோபர் 13-க்கு முன்பு, நாமாகக் காலி செய்யும் வரை ட்ராஷில் அப்படியே கிடக்கும். அந்தப் பழக்கத்தில் இன்னும் ட்ராஷை நம்பி இருப்பவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் தனிநபர் கணக்குக்கு 30 நாள், அலுவலக, கல்லூரிக் கணக்குக்கு 93 நாள். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கிலும், ஆப்பிளின் ஐகிளவுட் டிரைவிலும் 30 நாள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்களுக்கு 60 நாள். காசு கட்டி கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருக்கும் நிறுவனமாக இருந்தால், ட்ராஷிலிருந்தும் போன ஃபைலை அடுத்த 25 நாளுக்குள் அட்மின் மீட்கலாம்.

லாரி ஆபீஸில் மார்ச் மாத டிரிப் ஷீட்டை யாரும் ஏப்ரலில் திறந்து பார்ப்பதில்லை. ஆடிட்டர் கேட்கும்போதோ, இன்சூரன்ஸ் கிளெய்ம் வரும்போதோ, நோட்டீஸ் வரும்போதோதான் தேடுவார்கள். ஃபைல் காணோம் என்று தெரியவரும் நாளும், அதை மீட்க முடிகிற நாளும் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை. பிரச்சினையின் வேர் இதுதான்.

அப்போ ஸ்கிரிப்ட் எதற்கு?

பத்து ஃபைல் என்றால் ஸ்கிரிப்ட் தேவையே இல்லை. ட்ராஷைத் திறந்து, தேர்வு செய்து, 'ரீஸ்டோர்' கொடுத்தால் போதும். முழு ஃபோல்டர் அப்படியே அழிந்திருந்தாலும் அந்த ஃபோல்டரை மீட்டால் உள்ளே இருப்பதும் வந்துவிடும்.

ஆயிரக்கணக்கான ஃபைல்கள் தனித்தனியாக அழிந்து, வேறு குப்பையோடு கலந்து கிடக்கும்போதுதான் சிக்கல். மவுஸை வைத்து ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்க முடியாது. அங்கேதான் கமாண்ட் லைன் உதவும். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை கொடுத்தால், "இந்த ஃபோல்டருக்குள் இருந்து அழிந்ததை மட்டும் மீட்டுக் கொடு" என்று கிளவுடிடம் கேட்கும்.

இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் இலவசக் கருவி 'ஆர்குளோன்'. இதில் 'டிரைவ்-டிராஷ்ட்-ஒன்லி' என்ற தேர்வைச் சேர்த்துப் பட்டியல் கேட்டால், ட்ராஷில் கிடக்கும் ஃபைல்களைப் பழைய ஃபோல்டர் அடுக்கோடு காட்டும். 'பேக்கெண்ட் அன்ட்ராஷ்' என்ற கட்டளை, சொன்ன ஃபோல்டருக்குள் அழிந்த அனைத்தையும் மீட்கும். அதோடு 'டிரை-ரன்' சேர்த்தால், எதையும் தொடாமல் என்னென்ன மீளும் என்று மட்டும் சொல்லும். டைப் செய்வதெல்லாம் ஆங்கில எழுத்தில்தான், ஆனால் இந்த மூன்று கட்டளைகளைப் புரிந்துகொள்ள பி.இ. படித்திருக்க வேண்டியதில்லை.

மைக்ரோசாஃப்ட் பக்கம் 'பி.என்.பி. பவர்ஷெல்' உண்டு. ரீசைக்கிள் பின்னில் எந்தத் தேதியில், யார் அழித்தது என்று வடிகட்டி, அதை மட்டும் மீட்கலாம். ஒரு ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது ஷேர்பாயின்டில் இருந்ததை அழித்துவிட்டுப் போனார் என்றால், இது ரொம்ப உதவும்.

பெரிய நிறுவனங்களே சில நேரம் இந்தக் கறுப்புத் திரையைக் கைகாட்டும். 2023 நவம்பரில், கம்ப்யூட்டரில் இயங்கும் கூகுள் டிரைவ் செயலியின் 84-வது பதிப்பை வைத்திருந்த சிலரின் ஃபைல்கள் திடீரென மாயமாகின. கூகுள் வெளியிட்ட தீர்வில், புதிய பதிப்பின் மெனு வழியே மீட்பதோடு, கமாண்ட் லைனில் ஒரு வரி கொடுத்து மீட்கும் வழியும் இருந்தது. கம்ப்யூட்டரில் தேங்கியிருந்த பழைய நகலிலிருந்துதான் அது ஃபைலை எடுத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஸ்கிரிப்ட் எதையும் உருவாக்குவதில்லை. எங்கேயோ இன்னும் மிச்சம் இருக்கும் நகலை எடுத்துத் தருகிறது. மிச்சமே இல்லை என்றால், எவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்து டைப் செய்தாலும் வெறும் பட்டியல்தான் வரும்.

ஆர்க்கைவில் இருப்பது வேறு கதை

அழிந்த ஃபைலையும், ஆர்க்கைவ் ஆன ஃபைலையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மருத்துவமனை ஸ்கேன், கல்லூரியின் பழைய பதிவேடு, கல்யாண வீடியோ மாதிரி அடிக்கடி தேவைப்படாததைக் குறைந்த வாடகையில் வைக்க, அமேசானில் 'கிளேசியர்' என்ற அடுக்கு இருக்கிறது. அதில் உள்ள ஃபைல் அழிந்துவிடவில்லை. ஆனால் கேட்ட உடனே திறக்காது.

முதலில் 'ரீஸ்டோர் ஆப்ஜெக்ட்' என்ற கட்டளை கொடுத்து வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். 'ஃப்ளெக்ஸிபிள் ரிட்ரீவல்' வகையில் சாதாரணமாக 3 முதல் 5 மணி நேரம், மலிவான 'பல்க்' முறையில் 5 முதல் 12 மணி நேரம். 'டீப் ஆர்க்கைவ்' என்றால் 12 மணி நேரம், 'பல்க்' முறையில் 48 மணி நேரம் வரை ஆகலாம். கட்டணமும் தனி. ஜவ்வரிசியை குடோனின் கடைசி அடுக்கில் அடைத்துவிட்டு, முன்னால் இருக்கும் மூட்டைகளை நகர்த்தி எடுக்கிற மாதிரிதான். இது தெரியாதவர் "ஃபைல் கரப்ட் ஆயிருச்சு" என்று நினைத்து அழித்துவிடும் ஆபத்து உண்டு.

அதே அமேசான் சேமிப்பில் 'வெர்ஷனிங்' என்ற வசதியை முன்பே போட்டு வைத்திருந்தால், டிலீட் கொடுத்தாலும் ஃபைலின் மேல் ஓர் அழிப்பு அடையாளம் மட்டுமே விழும். ஸ்கிரிப்ட் வைத்து அந்த அடையாளங்களை நீக்கினால் ஃபைல்கள் திரும்பும். முன்பே போடவில்லை என்றால், அப்புறம் போட்டுப் பலனில்லை.

ஸ்கிரிப்ட் எப்போது கத்தியாகும்?

2021 டிசம்பர் 14 முதல் 16-க்குள், ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட் தரவு அழிந்தது. சுமார் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன, அதில் 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. காரணம், பழைய லாக் ஃபைல்களை நீக்குவதற்காக எழுதிய ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பை அதன் மேல் போட்டுவிட்டார்கள். ஓடுகிற வண்டிக்கு டயர் மாற்றின கதை. பாதி பழைய வரி, பாதி புதிய வரி என்று படித்த கம்ப்யூட்டர், லாக் ஃபைலுக்குப் பதிலாக ஆராய்ச்சித் தரவையே அழித்துத் தள்ளியது. பேக்கப் எடுக்க வந்த ஸ்கிரிப்டே அழித்த ஸ்கிரிப்டும் ஆனது.

நம்மூர் அளவிலும் இதே ஆபத்து உண்டு. ஆர்குளோனில் 'காப்பி' என்றால் நகல் எடுக்கும், சேருமிடத்தில் ஏற்கெனவே இருப்பதை அழிக்காது. 'சிங்க்' என்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆகும்படி, சேருமிடத்தில் கூடுதலாக இருப்பதை அழித்துவிடும். டிரைவில் ஃபோல்டர் காலியான பிறகு, ஹார்டு டிஸ்க்குக்கு 'சிங்க்' கொடுத்தால், ஹார்டு டிஸ்க்கில் இருந்த நல்ல நகலும் காலி. ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம்.

இன்னொரு ஆபத்து, முன்பின் தெரியாதவர் கொடுக்கும் ஸ்கிரிப்ட். அது இயங்க வேண்டுமென்றால் டிரைவ் முழுவதையும் படிக்க, மாற்ற அனுமதி கேட்கும். அந்த அனுமதி கொடுத்தால், வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரிதான். "ஃபைலை மீட்டுத் தர்றோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் அது மீட்பு வேலை இல்லை, மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

ஃபைல் யார் பெயரில் இருக்கிறது?

ஸ்கிரிப்ட் ஓட்டுவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி இது. உதாரணத்துக்கு சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பிள்ளையின் சொந்த ஜிமெயிலில் ஷீட் தொடங்கி, முதலாளிக்கு 'ஷேர்' கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து அவர் வேலையை விட்டுப் போய், அந்தக் கணக்கையே மூடிவிட்டார். முதலாளி தன் ட்ராஷில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. "நம்ம ஷீட்டுத்தானுங்களே" என்றாலும், கூகுள் கணக்குப்படி அது அவருடையது.

கணக்கை மூடக்கூட வேண்டாம், இரண்டு வருஷம் திறக்காமல் விட்டாலே போதும். அப்படி முடங்கிக் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கும் கொள்கையை 2023 டிசம்பர் 1 முதல் கூகுள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

சில நேரம் நேர்மாறாகவும் நடக்கும். முதலாளி உருவாக்கிய ஃபைலை, எடிட் அனுமதி உள்ள ஊழியர் பொது ஃபோல்டரிலிருந்து நீக்கியிருப்பார். ஃபைல் அழியவில்லை, ஃபோல்டர் இல்லாமல் அனாதையாகக் கிடக்கும். டிரைவ் தேடல் பெட்டியில் 'இஸ்:அன்ஆர்கனைஸ்டு ஓனர்:மி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் வெளியே வரும். ஸ்கிரிப்ட் தேடி அலைவதற்கு முன் இதைப் பார்த்தாலே பாதிப் பேருக்குப் பதற்றம் குறையும்.

கிளவுடே போனால்?

"அவ்வளவு பெரிய கம்பெனி, அங்கே போகுமா" என்ற நம்பிக்கைக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன.

2024 மே மாதம், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் அமைப்பே அழிந்தது. அமைக்கும்போது ஒரு விவரம் காலியாக விடப்பட்டதால் வந்த வினை. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் சுமார் ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பேக்கப்பும் சேர்ந்துதான் அவர்களைக் கரையேற்றியது.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்றில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த 'ஜி-டிரைவ்' எரிந்துபோனது. 858 டெராபைட். அளவு பெரிது என்று வெளி பேக்கப் எடுத்து வைக்கவில்லை. அங்கே எந்த ஸ்கிரிப்டாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதற்காக "பேப்பரே போதும்" என்று திரும்பிப் போகவும் முடியாது. மேட்டூரிலிருந்து அதிக தண்ணீர் திறக்கும்போது குமாரபாளையம், பள்ளிபாளையம் காவிரிக் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுவதைப் பார்த்தவர்களுக்கு, பீரோவில் அடுக்கி வைத்த பில் புத்தகத்தின் கதி தெரியும். கிளவுட் வேண்டும்தான். கிளவுட் மட்டுமே என்று இருக்கக் கூடாது.

உடனே செய்ய வேண்டியது

ஃபைல் காணோம் என்றால், முதலில் எதையும் தொடாமல் நிறுத்த வேண்டும். ட்ராஷைக் காலி செய்யக் கூடாது. கம்ப்யூட்டரில் ஓடும் சிங்க் செயலியை நிறுத்திவைக்க வேண்டும். பிறகு இரண்டு கேள்விகள்: அழிந்து எத்தனை நாள் ஆச்சு? ஃபைல் யாருடைய கணக்கில் இருந்தது? இதற்குப் பதில் தெரிந்தபிறகு பட்டியல் எடுக்க வேண்டும். பட்டியலுக்குப் படிக்கும் அனுமதி மட்டுமே போதும். அடுத்து 'டிரை-ரன்', அதற்கப்புறம்தான் நிஜ மீட்பு. மீட்டவுடன் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வழக்கு, தகராறு சம்பந்தப்பட்ட ஃபைலாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தோடு தரும் சான்றிதழில் 'ஹேஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். அது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும். மீட்ட ஃபைலைத் திறந்து திருத்தி சேவ் செய்வதற்கு முன்பே ஹேஷ் எடுத்து வைப்பது நல்லது.

பொறுப்பு யாருக்கு?

இது எல்லாவற்றையும் வியாபாரி தலையிலேயே கட்டிவிடுவது நியாயமில்லை. ஆயிரம் ஃபைல் ஒரே நாளில் அழிந்தால் கணக்கின் சொந்தக்காரருக்கு உடனே எச்சரிக்கை போக வேண்டும், அதுவும் தமிழில். "இந்தத் தேதியில் இருந்த நிலைக்குத் திருப்பு" என்ற ஒரே பட்டன் எல்லோருக்கும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் சந்தாதாரர்களுக்கு ஒன்டிரைவில் 30 நாள் வரை இந்த வசதியைத் தருகிறது. அப்படியென்றால் தொழில்நுட்பம் இருக்கிறது, இலவசக் கணக்குக்காரருக்குத் தர மனசுதான் இல்லை. சாதாரண ஆள் தன் ஃபைலைத் திரும்ப வாங்க கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டியிருப்பது, அவருடைய அறியாமை இல்லை, சேவையின் குறை.

அந்த மாற்றம் வரும்வரை நம் வட்டாரம் காத்திருக்க வேண்டியதில்லை. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்கு, அழிந்த ஃபோல்டரை மீட்பதை ஒரு லேப் பயிற்சியாக வைக்கலாம். லாரி உரிமையாளர், விசைத்தறி, ரிக் சங்கங்கள் ஆளுக்கொரு மதிய நேரம் ஒதுக்கினால், அதே மாணவர்கள் வந்து சொல்லிக் கொடுப்பார்கள். வியாபாரிக்குப் பாடம், மாணவருக்கு அனுபவம்.

ஆடிட்டர்களாலும் ஒரு பழக்கத்தைக் கொண்டுவர முடியும். வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்கிற அன்றைக்கே, அந்த ஆண்டின் ஃபோல்டரை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் 'காப்பி' எடுத்து, அதிலிருந்து ஏதாவது பத்து ஃபைலைத் திறந்து பார்த்து, மேலே ஆண்டை எழுதி, கடையில் இல்லாமல் வேறு இடத்தில் வைத்துவிட வேண்டும். அரை நாள் வேலை. ட்ராஷின் 30 நாள் கெடுவை நம்மால் நீட்ட முடியாது. 72 மாதமும் கணக்கு கையில் இருப்பதற்கு இந்த அரை நாள் போதும்.